இடக்கைக் கணக்கெடுப்பு

பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஏணியில் ஏறி, தூரிகையைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து, "சொல்லுங்க சார், என்ன எழுதணும்?" என்று கேட்டபோது ஸ்டோர்காரர் காலி அறையை எட்டிப் பார்த்தார்.

கடைக்கு அறை பிடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது. என்ன கடை என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

"விரைவில் திறப்புன்னு எழுதுங்க."

"அதைத்தான் சார் போன வாரம் எழுதினேன்."

"அப்போ முன்னால 'மிக'ன்னு சேத்துடுங்க."

ஸ்டோர்காரர் என்பது தொழிற்சாலை வைத்த பெயர். இருபத்தேழு வருடம் அங்கே உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். எந்தத் தட்டில் எந்த நட்டு எத்தனை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எண்ணுவதற்கு எதுவுமில்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர், மூன்றாம் வாரம் சமையலறையில் கரண்டிகளை எண்ண ஆரம்பித்ததும், "ஏதாவது கடை வைங்க, புண்ணியமாப் போகும்" என்று மனைவிதான் வெளியே தள்ளினாள்.

குடைக்கடை, மீன்தொட்டிக் கடை, கைத்தடிக் கடை என்று மூன்று யோசனை சொன்னார். மூன்றையும் அவளே ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். "மழை பெஞ்சாத்தான் குடை விக்கும். மீனுக்கு நீங்கதான் தினமும் தீனி போடணும். அந்த அறைக்கு ஏழு படி. கைத்தடி வாங்குறவன் எப்படி ஏறி வருவான்?"

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, எல்லாருக்கும் எல்லாத்தையும் விக்கிற கடை தெருவுக்கு நாலு இருக்கு. கொஞ்சப் பேருக்கு மட்டும் வேணும், ஆனா அவங்களுக்கு வேற எங்கயும் கிடைக்காது. அப்படி ஒண்ணைப் பிடிங்க."

போனை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி டீ கொண்டுவந்து நீட்டினாள். அவருடைய இடது கை தானாக நீண்டு, பாதி வழியில் கூச்சப்பட்டுத் திரும்பிப்போய், வலது கை வந்து வாங்கிக்கொண்டது. ஐம்பது வருடமாக இப்படித்தான். இன்றைக்குத்தான் அவர் அதைக் கவனித்தார்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் இடது கையால்தான் எழுதினார். அம்மா தினமும் காலையில் அந்த மணிக்கட்டில் ஒரு கைக்குட்டையைச் சுற்றி, மறுமுனையைச் சட்டைப் பொத்தானோடு முடிந்து அனுப்புவாள். முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று டீச்சர் வந்து பார்ப்பார். பக்கத்தில் இன்னொரு இடதுகைக்காரன் உட்கார்ந்திருந்தான். பெஞ்சில் இடித்துக்கொண்டே இருப்பதால் அவனுக்கு முழங்கை என்று பெயர். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் இருவரும் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு அவசர அவசரமாக எழுதுவார்கள். எழுதிய ஈர மையின் மேலேயே கை இழுத்துக்கொண்டு போகும். பள்ளி விட்டதும் குழாயடியில் நின்று யாருடைய உள்ளங்கை அதிக நீலம் என்று பந்தயம். அடுத்த வருடமே இரண்டு பேருக்கும் கை மாறிவிட்டது. முழங்கையின் வீட்டார் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவன் முகம் மறந்துபோயிற்று. அந்த நீலக் கை மட்டும் மறக்கவில்லை.

"இடதுகைக்காரங்களுக்குன்னு ஒரு கடை" என்றார் ஸ்டோர்காரர். "கத்தரிக்கோல், காய் சீவுறது, வலப்பக்கம் தைச்ச நோட்டு, எழுதின உடனே காயுற இங்க்."

"ஊரே பீச்சாங்கைக் கடைன்னு சொல்லும்."

"சொல்லட்டும். சொல்லச் சொல்லத்தான் விளம்பரம்."

மகளுக்குப் பிடித்துவிட்டது. "ஆனா ஆராய்ச்சி பண்ணாம இறங்காதீங்கப்பா. எங்கேயும் பத்துக்கு ஒருத்தர்தான் தேறும். உங்க ஊர்ல எத்தனை பேர்னு முதல்ல எண்ணுங்க."

எண்ணுவதா? ஸ்டோர்காரருக்கு மறுபடி வேலை கிடைத்ததுபோல் இருந்தது.

மறுநாள் வங்கிக்குப் போனார். படிவம் நிரப்பும் மேசை அருகே நின்று, ஒவ்வொருவரும் எந்தக் கையால் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். பதினோராவது ஆளைப் பார்க்கும்போது காவலாளி தோளில் கை வைத்தார். மேலாளர் அறையில் உட்கார்த்தி, வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, மனைவி வந்து, "இவர் திருடுற ஆளில்லைங்க, எண்ணுற ஆளு" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

ஒளிந்து பார்த்தால்தானே சந்தேகம் வரும்? நேராகவே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். ஒரு நோட்டும் பேனாவுமாகத் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றார்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு?" என்றார் பை தூக்கி வந்த பெரியவர்.

"இந்தத் தெருவுல புதுசா ஒரு கடை வரப்போகுது..."

"வரக் கூடாதுன்னுதானே? குடுங்க."

"இல்லைங்க, என்ன கடைன்னு கேளுங்க."

"என்ன கடையா இருந்தா என்ன? இருக்கிற நெரிசல் போதாதா?"

அவர் போட்டார். அவர் போட்டதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்கள் போட்டார்கள். ஒரு அம்மாள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டாரையும் அழைத்து வந்தாள். இருட்டுவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அதில் இடது கையால் போட்டவர்கள் மூன்றே பேர். மூவரில் ஒருவருக்கு வலது கையில் மாவுக்கட்டு.

மறுநாள் அறைக்குச் சொந்தக்காரர் வீடு தேடி வந்தார். "உங்க கடையை எதிர்த்து ஊரே கையெழுத்துப் போட்டிருக்காமே. யாரு அந்த நோட்டைத் தூக்கிட்டு அலையுறது?"

"நான்தான்" என்றார் ஸ்டோர்காரர்.

சொந்தக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வாரம் டைம். அதுக்குள்ள என்ன கடைன்னு சொல்லலைன்னா அறையை வேற ஆளுக்கு விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டோர்காரருடைய கவலையைக் கேட்டு வழி சொன்னவர் அதே தெருவில் முடிதிருத்துகிறவர். "இங்க வந்து உக்காருங்க சார். எதிர்த்த டீக்கடைக்கு நாள் முழுக்க ஆள் வரும். நீங்க எழுந்து போக வேணாம், திரும்பக்கூட வேணாம். உக்காந்த இடத்துலயே எல்லாம் தெரியும்."

உண்மைதான். சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் மேலே டீக்கடை முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. யாரும் அவரைக் கவனிக்கவில்லை. நாற்காலியைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்க முடியாதே. முதல் நாள் முடி வெட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் சவரம். மூன்றாம் நாள் தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் சொன்னார். நான்காம் நாள் செய்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லாமல் இருபத்தைந்து வருட மீசையைக் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு நாள் ஆராய்ச்சி பண்ணா காதும் இருக்காது" என்றாள் மனைவி.

அவர் காதில் எதுவும் விழவில்லை. நோட்டைத் திறந்து மகளிடம் கணக்கைப் படித்தார். பத்துக்கு ஒன்பது பேர் இடது கையில் கிளாஸைப் பிடிக்கிறார்கள்.

"அப்பா, உலகத்துல எங்கயும் அப்படிக் கிடையாதுப்பா. கையெழுத்துப் போட்டப்போ மூணு பேர்தானே?"

"அது யாரோ பாக்கும்போதும்மா. இது யாரும் பாக்காதபோது." "எல்லாரையும் அடிச்சு மாத்தியிருக்காங்க. என்னை மாத்தின மாதிரி. எங்கம்மா கைக்குட்டையால கையைக் கட்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க. டீ குடிக்கும்போது மட்டும் பழைய கை வெளிய வருது."

"இதை நீங்க என்கிட்ட சொன்னதே இல்லையேப்பா" என்றாள் மகள். "கடையை வைங்க."

சரக்கு வந்தது. 'இடக்கை' என்று பெரிய எழுத்தில் பலகை ஏறியது. வலமிருந்து இடமாக எண்கள் ஓடும் அடிக்கோல்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கும்போது, தனக்கு ஆறு வயதில் இப்படி ஒரு கடை இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டார். முழங்கைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பார்.

திறந்த அன்று வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்தது. ஆளுக்கொரு கத்தரிக்கோலை வலது கையில் எடுத்து வெட்டிப் பார்த்தார்கள். காகிதம் மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை.

ஸ்டோர்காரர் அருகில் போய்த் தணிந்த குரலில் சொன்னார். "கூச்சப்படாதீங்க. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. அந்தக் கையில எடுங்க."

"எந்தக் கையில?"

"உங்களுக்கே தெரியும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படியிறங்கினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. பயம் தெளிய நாளாகும், அரை நூற்றாண்டுப் பயம் இல்லையா என்று மனைவியிடம் சொன்னார். அவள் காய் சீவுவதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

நான்காம் நாள் மதியம் முடிதிருத்துகிறவர் எட்டிப் பார்த்தார். தொழில் ஆசையில் ஒரு கத்தரிக்கோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல இரும்புதான். ஆனா இவ்வளவு இடதுகைக்காரங்க எங்க சார் இருக்காங்க?"

"உங்க கடையில உக்காந்துதானே எண்ணினேன்? டீக்கடையில பத்துக்கு ஒன்பது பேர். என் கண்ணால பாத்தேன்."

முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"சார், டீக்கடை உங்க முதுகுப் பக்கம் இருந்துச்சு. நீங்க நாலு நாளும் பாத்தது என் கண்ணாடியை."