முதுகில் ஒரு பெருக்கல் குறி

எல்லாருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? சளி, இருமல் விட்டதா? முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை நாள் முழுக்க ஃபோனைத்தான் தேய்க்கிறீர்களா? ஃபோன் தேய்க்கிறவர்களுக்குக் காலர் குருவைத் தெரியாமல் இருக்காது. தெரியாதவர்கள் புண்ணியவான்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரம்.

ஆறடி உயரம். உடம்போடு பிறந்தது போல ஒரு சாம்பல் நிறக் கோட்டு. மார்புப் பையில் முயல் காது மாதிரி வெள்ளைக் கைக்குட்டை. ஆரம்பத்தில் மனிதர் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார். டை முடிச்சு எப்படிப் போடுவது, பெல்ட்டும் ஷூவும் ஏன் ஒரே நிறமாக இருக்க வேண்டும், கால்சட்டை ஷூமேல் எத்தனை மடிப்பு விழலாம், இப்படி ஊருக்கு உபகாரமாக வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து லட்சம் பேர் பார்த்தார்கள். ஐந்து லட்சம் பேர் பார்த்தால் யாருக்குத்தான் ஞானம் பிறக்காது? அவருக்கும் பிறந்தது.

புதுக் கோட்டு வாங்கினால் பின்பக்கம் கீழே ஒரு திறப்பு இருக்கும், அதை வெள்ளை நூலால் பெருக்கல் குறி போலத் தைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதை வெட்டவே கூடாதாம். அது காப்புத் தையலாம். "அதிர்ஷ்டம் முன்னாடி பட்டன் வழியா உள்ள வரும். பின்னாடி திறப்பு வழியா ஒழுகிடும். ஒழுகாம பிடிக்கிறதுதான் அந்தக் குறி" என்றார் குரு. ஓட்டைப் பானைக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஐந்து லட்சம் பேரும் கை தட்டினார்கள்.

அவ்வளவுதான். பஸ்ஸில், வங்கியில், லிஃப்ட் வரிசையில், எங்கே பார்த்தாலும் முதுகில் பெருக்கல் குறி. வாத்தியார் தப்புப் போட்ட கணக்கெல்லாம் எழுந்து நடந்து வருவது போல இருந்தது. உட்கார்ந்தால் நூல் அறுந்துவிடும், அதனால் யாரும் உட்காருவதில்லை. அறுந்துவிட்டால் அது செத்த நூல். குருவிடம் போய், காசு கொடுத்து, உயிர் நூல் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கூத்தெல்லாம் கத்தரி அக்காவுக்குப் பாதிதான் தெரியும். கடைவீதி மாடியில் லிஃப்டை ஒட்டினாற்போல ஒரு ஆல்ட்டரேஷன் கடை. அங்கே இருபத்திரண்டு வருடமாக, பெருத்தவர்களுக்குக் கோட்டைப் பிரித்துக் கொடுத்தும் இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தும் வந்தாள். வீடியோ பார்க்க நேரமில்லை. மீதிப் பாதி வீட்டிலேயே வந்து விழுந்தது.

அவள் கணவர் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் பார்த்தவர். ஓட்டலை இழுத்து மூடி எட்டு மாதம். இரண்டு இடத்தில் நேர்காணலுக்குப் போனார், இரண்டிலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. மனிதர் இன்னமும் ஐந்தரைக்கு எழுந்து, மழமழவென்று சவரம் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், யாராவது அறைச் சாவி கேட்டு வருவார்கள் என்பது போல. இப்போது புதிதாகத் திறக்கும் ஓட்டலிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. புதுக் கோட்டும் வாங்கியாயிற்று. வியாழக்கிழமை காலை அக்கா அதற்கு இஸ்திரி போட்டாள். போடும்போதே, கை பழக்கத்தில், கத்தரியை எடுத்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

"இஸ்திரி போட்டேன். பிசிறு வெட்டினேன். ஏன், எங்கயாவது பொசுங்கிடுச்சா?"

"பின்னாடி குறுக்குத் தையல் இருந்துச்சே, எங்க?"

"குப்பைக் கூடையில."

"அடிப்பாவி! அது காப்புடி!"

"எதுங்க காப்பு? வண்டியில வர்றப்போ விரிஞ்சு கசங்காம இருக்கட்டும்னு கம்பெனிக்காரன் ரெண்டு ஓட்டு ஓட்டி அனுப்புறான். வாங்கினதும் வெட்டிப் போடணும். அந்தத் திறப்பே உட்காரும்போது பிடிக்காம இருக்கத்தான்."

"உனக்கு என்ன தெரியும்?"

சரிதானே. இருபத்திரண்டு வருடம் கோட்டு தைத்தவளுக்கு என்ன தெரியும்?

கணவர் கோட்டைப் படம் எடுத்து குருவுக்கு அனுப்பினார். அரை மணியில் பதில் வந்தது. கத்தரி பட்ட கோட்டாம். சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் உயிர் நூல் கட்ட வேண்டுமாம். கட்டியபின் இருபத்தொரு நாள் எந்த நல்ல காரியத்துக்கும் கிளம்பக் கூடாதாம்.

"அப்போ நேர்காணல்?"

"ஒரு மாசம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்குறேன்."

"அதுவரைக்கும் அவங்க ரிசப்ஷன்ல துணிக்கடைப் பொம்மையையா நிறுத்தி வைப்பாங்க?"

அவர் கோட்டைத் திரும்ப மாட்டியில் மாட்டினார். அவர் முகத்தில் வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, போனால்தானே சொல்வதற்கு! இந்த நூல் ஒருமுறை மனிதரை நாற்காலியோடு கட்டிப்போட்டால் பிறகு அவிழ்க்கவே முடியாது.

அதே நாள் சாயங்காலம் கடைக்கு ஃபோன் வந்தது. காலர் குருவின் தையல்காரருக்குக் காய்ச்சலாம், சனிக்கிழமைக்கு மட்டும் ஆள் வேண்டுமாம். கடை முதலாளி அக்காவைப் போகச் சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

சனிக்கிழமை, வாடகை மண்டபம். இருநூறு நாற்காலி, இருநூறு பேர், ஒருவர்கூட உட்காரவில்லை. நாற்காலிகளுக்கு மரியாதை செலுத்த வந்தவர்கள் போல ஆளுக்கொரு நாற்காலி பக்கத்தில் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் அவள் கணவரும்.

மேடையோரம் அக்காவின் மேசை. உதவியாளர் ஒரு மரப்பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து வைத்தார். உள்ளே உயிர் நூல். அக்கா எடுத்து முறுக்கிப் பார்த்தாள். அவள் கடையில் டஜன் கணக்கில் வாங்கும் அதே மலிவுப் பருத்தி நூல், லேபிளைக் கிழித்துவிட்டு சென்ட் அடித்திருந்தார்கள்.

அவள் வேலை இதுதான். கோட்டில் நூலைக் கட்டி, கறுப்பு உறைக்குள் போட்டு, ஜிப்பை மூடி, கம்பியில் மாட்ட வேண்டும். பிறகு குரு வந்து, கண்ணை மூடி, உறைக்கு மேல் கையைக் காட்டி, நூலுக்கு உயிர் வந்ததா என்று சொல்வார். வராததற்கு இன்னொரு தடவை கட்ட வேண்டும், இன்னொரு தடவை காசு. அன்றைக்குப் பன்னிரண்டு கோட்டு. அக்கா கம்பியில் மாட்டியது பதிமூன்று உறை. யாரும் எண்ணவில்லை. எண்ணுகிற ஆட்கள் அங்கே ஏன் வரப்போகிறார்கள்?

குரு வந்தார். கைதட்டல். "உறைக்கு மேலயே எனக்கு உயிர் தெரியும். இரும்புப் பெட்டியில பூட்டி வச்சாலும் தெரியும்" என்றார். முதல் உறைமேல் கையை நீட்டினார். "இருக்கு, இருக்கு!" நாலாவதில் உதட்டைப் பிதுக்கினார். "தூங்குது." ஏழாவதில் கை நடுங்கியது. தோள் குலுங்கியது. காலர்கூட விறைத்தது.

"ஆகா! துடிக்குதே! இதோட சொந்தக்காரர் பெரிய பதவிக்குப் போகப் போறார். யார் அந்த பாக்கியவான்?"

மூன்று பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். மூன்றாவது கை அவள் கணவருடையது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் ஏழாம் உறையின் ஜிப்பை இழுத்தாள். தொப்பென்று ஒரு பஞ்சுத் திண்டு விழுந்தது.

"இதைத்தானே சொல்றீங்க சார்? தோள்பட்டை இஸ்திரி போட வச்சிருக்குற திண்டு இது. பதினஞ்சு வருஷமா எங்கிட்டதான் வேலை பாக்குது. பதவி உயர்வு வந்தா எனக்கும் சந்தோஷம்தான்."

பின்வரிசையில் ஒருவர் களுக் என்றார். குரு சமாளித்தார். "அது... உன் உழைப்போட உயிர்ம்மா." அதற்கும் பாதிக் கூட்டம் தலையாட்டியது. ஆட்டி ஆட்டிப் பழகிய தலை!

அக்கா விடவில்லை. "ஒண்ணாம் நம்பர்ல உயிர் இருக்குன்னீங்க. இதோ, நூலே கட்டலை. நாலாம் நம்பர் தூங்குதுன்னீங்க. இது உங்க பெட்டி நூல். ஆறு கோட்டுல கட்டியிருக்கேன், ஆறுல கட்டலை. திரும்ப மூடி இடம் மாத்தி மாட்டுறேன். எதுல நூல் இருக்கு, எதுல இல்ல, அதை மட்டும் சொல்லுங்க. உயிரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"சந்தேகப்படுற இடத்துல நூல் பேசாதும்மா."

"சரி, எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தப்போ திண்டு எப்படி சார் பேசிச்சு?"

இப்போது மண்டபமே சிரித்தது. குருவின் முகம் கைக்குட்டை நிறத்துக்கு வந்தது. "யோவ், அப்போ எதுக்குய்யா எங்களை வெட்ட வேணாம்னே?" என்று ஒரு வங்கிக்காரர் கத்தினார். மூன்று வாரமாக உட்காராத கோபம் அது.

குருவுக்கு வாய் தவறிவிட்டது. "முத வீடியோவுல நானே வெட்ட மறந்துட்டேன்யா! எவனோ ஒருத்தன் 'சார், பின்னாடி நூல் இருக்கே'ன்னு கமெண்ட் போட்டான். இத்தனை பேர் பாக்குறப்போ தெரியாதுன்னு சொல்ல முடியுமா? ரகசியம்னு சொன்னேன். நீங்கதானே கை தட்டினீங்க?"

அன்றைக்கு அவர் சொன்னதிலேயே பெரிய உண்மை அந்தக் கடைசி வாக்கியம்தான்.

கூட்டம் காசைத் திருப்பிக் கேட்டு மேடையில் ஏற, அக்கா ஒன்பதாம் உறையைத் திறந்து கணவரின் கோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"மணி பதினொண்ணேகால். இப்போ கிளம்பினா நடந்தே போயிடலாம்."

"போயி, அங்கயும் வேணாம்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். அதை அவங்க சொல்லட்டுங்க. நூல் சொல்ல வேணாம்."

அவர் கோட்டை வாங்கினார். ஒரு கையை விட்டு, சற்று நின்று, அடுத்த கையையும் விட்டார். பட்டனைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதாக இல்லை. கிடைத்தது என்றால், நூலை வெட்டினதால்தான் கிடைத்தது என்று நாளைக்கே ஒருவர் மண்டபம் பிடிப்பார். போனார், உட்கார்ந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அது போதும்.

போதாது என்கிறவர்கள் திங்கட்கிழமை காலை கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். "அக்கா, உங்க கையால வெட்டினா ராசியாமே?"

அக்கா அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தரியை ஒரு கயிற்றில் கட்டி வாசல் ஆணியில் தொங்கவிட்டாள். "உங்க கோட்டு, உங்க கை. நீங்களே வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள்.

துணி வாங்கும்போது கசக்கிப் பார்க்கிறோம், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம், சாயம் போகுமா என்று ஈரக் கையால் தேய்த்துப் பார்க்கிறோம். ஒருவன் சொல்கிற பேச்சை மட்டும் ஏன் அப்படியே வாங்கி மாட்டிக்கொள்கிறோம்?

உங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு நூலோ கயிறோ தாயத்தோ திரிந்துகொண்டிருக்கும். யார் கட்டினார்கள், யார் அவிழ்த்தார்கள், நீங்கள் கை தட்டினீர்களா, கை தூக்கினீர்களா? வெட்கப்படாமல் கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிக்கிறேன்.