பவர் பிரேக் பெத்துராஜ்

"வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஹைஸ்கூல் மைதானத்தில், சாலைப் பாதுகாப்பு வார விழா! நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், போட்ட கோட்டில் பொட்டென்று நிற்கும் அதிசயம்! ஓட்டிக் காட்டுபவர், பூரணம் மோட்டார்ஸின் பவர் பிரேக் பெத்துராஜ்! அனைவரும் வாரீர்!"

மைக் கட்டிய குதிரை வண்டி மூன்றாவது தடவையாக டீக்கடையைத் தாண்டிப் போனபோது, மேற்படி பவர் பிரேக் பெத்துராஜ் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, காலிலேயே கிடந்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏ பெத்துராஜ், உன் பேரைத்தாம்ல சொல்லுதான்!" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றான் பெத்துராஜ், பெஞ்சுக்கு அடியிலிருந்தே.

விஷயம் ரொம்பச் சின்னது. பெத்துராஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. எண்பத்தேழாம் வருஷத்துச் சங்கரன்கோவிலில், மூன்று வருஷத்துக்குள் பதினொரு கார் விற்றவன் அவன். காரைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்கூட ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்பான். "இந்தக் கண்ணாடி உடைஞ்சாலும் உங்க மேல சிந்தாது அண்ணாச்சி, கீறல் விட்டு அப்படியே நிக்கும். இந்த பெல்ட் இருக்கே, கைப்பிள்ளையைத் தாயி இறுக்கிப் பிடிச்சிருக்காள்லா, அது மாதிரி உங்களைப் பிடிச்சுக்கிடும்" என்பான். ஓட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு வண்டியை ஓட்டுவது மெக்கானிக் ரசூல். பெத்துராஜ் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவான்.

"நீங்க ஏன் ஓட்ட மாட்டேங்கிய?" என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் வைத்திருந்தான். "நான் ஓட்டினா என் கண்ணு ரோட்டுல இருக்கும். இப்போ உங்க மேலல்லா இருக்கு!"

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கு" என்றான். இருந்தது. அது வந்த வழி அவனுக்கும் ஒரு புரோக்கருக்கும் மட்டும் தெரியும். "ஓட்டத் தெரியுமா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஒருத்தன் எப்படிப் பதில் சொல்ல முடியும்?

பூரணம் மோட்டார்ஸின் முதலாளியம்மா ஞானபூரணம். வீட்டுக்காரர் தூத்துக்குடியில் உப்பு வியாபாரத்தைப் பார்க்க, இங்கே கார்க்கடை முழுக்க அம்மாவின் கையில். ஊருக்கு நல்லது செய்வதென்று அவர் இறங்கிவிட்டால் யாராலும் தடுக்க முடியாது. பிரசவ வலி என்று யார் வந்து கதவைத் தட்டினாலும் கடைக் கார் ஆஸ்பத்திரிக்குப் போகும். போன மாசம், சுற்றுவட்டாரத்து மாட்டு வண்டிகளுக்கெல்லாம் பின்னால் மாட்ட இலவசமாகச் சிவப்பு ரிப்ளெக்டர் கொடுத்தார். பனவடலிசத்திரத்தில் நாலு பேர் அதை மாட்டின் நெற்றியில் அழகாகக் கட்டிவிட்டார்கள். எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டி தனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் குழம்பிப் போனார். அம்மா நேரில் போய் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்னால் மாட்டிவிட்டு வந்தார்.

இப்போது அவருடைய பார்வை பெத்துராஜ் மேல் விழுந்திருந்தது.

"ரசூல் ஓட்டட்டுமேம்மா" என்று கெஞ்சிப் பார்த்தான்.

"அவன் ஓட்டினா மெக்கானிக் என்னமோ வித்தை பண்ணுதாம்பாங்க. வித்தவன் ஓட்டிக் காட்டினாத்தான் நம்பிக்கை வரும் தம்பி."

மறுநாள் காலை பெத்துராஜ் இடது கையில் பெரிய கட்டோடு வந்தான். "சுளுக்கும்மா. கையைத் தூக்கவே முடியல."

அம்மா கட்டைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பிரேக்கு காலுலதானே தம்பி இருக்கு? ஒத்தக் கையால ஓட்டினாலும் நிக்கும்னு காட்டிருவோம்!"

சாயங்காலமே குதிரை வண்டி, "ஒற்றைக் கையால் ஓட்டும் பவர் பிரேக் பெத்துராஜ்!" என்று முழங்கிக்கொண்டு போனது. அடுத்த நாள் கட்டு இல்லாமல் வந்து, சுளுக்கு சரியாகிவிட்டது என்றான். அம்மாவுக்கு வருத்தம்தான். "சரி போகட்டும், ரெண்டு கையாலேயே ஓட்டு" என்று பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார்.

"அதுக்கில்லம்மா. அம்புட்டு ஜனங்க நிக்கும்போது வண்டியை வேகமா விட்டா பயப்பட மாட்டாங்களா? பாதுகாப்புன்னு சொல்லிட்டு நாமளே இப்படிச் செய்யலாமா?"

அம்மா ரெண்டு நிமிஷம் யோசித்தார். பெத்துராஜ் தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

"நீ சொல்லுததும் சரிதான். ஜனங்க பயத்தை நான் போக்குதேன். கோட்டுக்குப் பத்தடி தள்ளி நாற்காலி போட்டு, வண்டிக்கு நேரா நானே உக்காருதேன்."

பெத்துராஜ் அப்படியே கடையை விட்டு இறங்கினான். வீட்டுக்குப் போய் மனைவி வள்ளித்தாயிடம் முறையிட்டான். "அந்தம்மாவுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு வள்ளி. நீயாவது போய், இதெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு வா."

வள்ளித்தாய் போனாள். வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு நாற்காலியா போடச் சொல்லிட்டேன்."

"என்னது?"

"பின்னே? உங்க வண்டிக்கு முன்னால யாரோ ஒரு பொம்பள தைரியமா உக்காருவா, கட்டுன பொண்டாட்டி நான் கூட்டத்துல ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணுமா? மேலநீலிதநல்லூருக்கு ஆள் சொல்லி அனுப்பியாச்சு. எங்கய்யாவும் வாராவ."

"அவரு எதுக்கு?"

"எம் மருமகன் வாயாலதான் பொழைக்கான்னு சொல்லுவாவல்லா? வந்து பாக்கட்டும்!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த பெத்துராஜ், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அதே வாயால் தண்ணீர் குடித்தான். அவள் ஆறு வருஷமாக அப்பாவிடம் அவனுக்காக மல்லுக்கு நிற்கிறவள். அவள் பட்ட பாடெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மண்ணாகப் போகிறதே என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் புளியங்குடி பிச்சையாவின் ஞாபகம் வந்தது. பிச்சையா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ரெண்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் கார் விற்றவன் பெத்துராஜ்தான். அந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. வாத்தியார் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவன் தடுமாறினால் வாத்தியார் தன் பக்கத்தில் மிதிப்பார், வண்டி நின்றுவிடும்.

விஷயத்தைக் கேட்டு பிச்சையா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"பதினொரு கார் வித்திருக்கே! ஓட்டத் தெரியாதா?"

"பையச் சொல்லுங்க அண்ணாச்சி! நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிடுதேன். பக்கத்துல உக்காந்து நீங்க பிரேக்கை மிதிச்சாப் போதும். மானம் போயிரும்."

பிச்சையா அவனுடைய மணிக்கட்டைப் பார்த்தார். "வாட்ச் நல்லா இருக்கே."

"மாமனார் கல்யாணத்துக்குப் போட்டது."

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் என் கையில இன்னும் நல்லா இருக்கும்."

பிச்சையாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய காரையே ஓட்டிக் காட்ட முதலாளியம்மாவைச் சம்மதிக்க வைப்பது பெத்துராஜுக்குக் கஷ்டமாக இல்லை. "ஓடித் தேஞ்ச வண்டியே நிக்குன்னா, புது வண்டியைப் பத்திச் சொல்லணுமாம்மா?" என்றான். அம்மா அவனுடைய மூளையை மெச்சிக்கொண்டார்.

மூன்று நாள் விடியற்காலையில், தண்ணீர் வற்றிக் கிடந்த குளத்துக்குள் பாடம் நடந்தது. முதல் நாள் வண்டி தவளை மாதிரி தத்தித் தத்திப் போய், மேய்ந்துகொண்டிருந்த எருமைகளைக் கரையேற்றியது. ரெண்டாம் நாள் நேராகப் போனது. மூன்றாம் நாள் மூன்றாவது கியர் விழுந்தது. ஆனால் பிரேக் மட்டும் அவனுக்குக் கிடைக்கவே இல்லை. அவன் காலை எடுத்து வைப்பதற்குள் பிச்சையா மிதித்துவிடுவார்.

"நானும் ஒரு தடவை மிதிச்சுப் பாக்கட்டுமா அண்ணாச்சி?"

"எருமைகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார் பிச்சையா.

சனிக்கிழமை சாயங்காலம், கழுவித் துடைத்து கிரீஸ் வைப்பதற்காக வண்டியை ரசூலிடம் விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தேர்த்திருவிழாக் கூட்டம். தோரணம் என்ன, வாழைமரம் என்ன! நடுவில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்குப் பத்தடி தள்ளி ரெண்டு நாற்காலி. ஒன்றில் ஞானபூரணம் அம்மா குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வள்ளித்தாய். சற்றுத் தள்ளி மாமனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெத்துராஜ் வண்டியில் ஏறி பெல்ட்டை மாட்டினான். கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். "ஏலே, ஆளைக் கட்டிப்போட்டுல்லா ஓட்ட வைக்காங்க!"

மைதானமே சிரித்தது. பெத்துராஜால் சிரிக்க முடியவில்லை. சொன்னவன் சரியாகத்தான் சொன்னான்.

பக்கத்தில் பிச்சையா, "நான் இருக்கேன், எடு" என்றார்.

வண்டி கிளம்பியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். முள் முப்பதைத் தாண்டி நாற்பதைத் தொட்டது. எதிரே வள்ளித்தாயின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாவி மகளின் முகத்தில் எள்ளளவு பயம் கிடையாது. பெத்துராஜ் பிச்சையாவை மறந்தான், கூட்டத்தை மறந்தான். "வள்ளி!" என்று அலறிக்கொண்டு, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் வலது காலில் இறக்கினான்.

கிரீச்!

புழுதி அடங்கியபோது, முன் சக்கரம் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

வள்ளித்தாய் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மெதுவாகத் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள். அவ்வளவுதான். மாமனார் கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தார். மைதானம் முழுக்கத் தட்டியது. நாலு பேர் அங்கேயே புதுக் கார் வாங்கப் பெயர் கொடுத்தார்கள்.

வண்டிக்குள் பிச்சையா வியர்வையைத் துடைத்தார். "பாத்தியா என் காலை? நான் மிதிச்ச மிதியில வண்டியோட அடித்தகடே விட்டுப் போயிருக்கும். நீ மிதிச்சியா?"

"மிதிச்ச மாதிரிதான் இருந்துது அண்ணாச்சி."

"மாதிரி! வாட்ச்சைக் கழட்டு."

பெத்துராஜ் கழற்றிக் கொடுத்தான். கீழே இறங்கியதும் வள்ளித்தாய் கிட்டே வந்து, தணிந்த குரலில், "எனக்குப் பயமே இல்லை. ஓட்டுதது நீங்கல்லா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்ள அவனால் முடியவில்லை.

அதற்குள் முதலாளியம்மா அவன் கழுத்தில் மாலையைப் போட்டு, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். "ரெண்டு வார்த்தை பேசு தம்பி. உனக்குச் சொல்லியா தரணும்?"

பெத்துராஜ் மைக்கைப் பார்த்தான், வள்ளித்தாயைப் பார்த்தான். பிறகு மாலையைக் கழற்றினான்.

"பெரியவங்க மன்னிக்கணும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூணு வருஷமா எல்லாரையும் ஏமாத்திட்டேன். இன்னிக்கு பிரேக் போட்டதும் நான் இல்ல. பக்கத்துல உக்காந்திருந்த பிச்சையா அண்ணாச்சி. அவரு பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கு. வள்ளி, நீ என்னை மன்னிச்சிரு."

முதலாளியம்மாவின் குடை கீழே விழுந்தது. மாமனார் மறுபடி கையைக் கட்டினார். வள்ளித்தாய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிச்சையா மட்டும் புது வாட்ச் தெரிகிற மாதிரி கையைத் தூக்கி, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிடு போட்டார்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ரசூல், ஒன்றும் புரியாதவனாக வண்டியிடம் ஓடினான். டிக்கியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு, ஜனங்களை விலக்கிக்கொண்டு மைக் பக்கம் வந்தான். அவன் கையில் கிரீஸ் சொட்டச் சொட்ட ஒரு கேபிள் தொங்கியது.

"பிச்சையா அண்ணாச்சி, உங்க பக்கத்து பிரேக் கேபிள் நேத்தே அறுந்துபோச்சு, ஓட்டுதது நம்ம பெத்துராஜ் சார்தானே, இது எதுக்குன்னு கழட்டி டிக்கியில போட்டுட்டேன்."