பென்ரோஸிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல்

பிரான்சுக்குள் ஒருநாளும் கால் வைக்காமல், பிரெஞ்சுக்காரருக்கே வழி சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் ஆக்லாந்தில், பாபடோயிட்டோயில், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு வாடகை அறையில் குடியிருந்தார். சொந்தப் பெயர் அவருடைய கடவுச்சீட்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் கப்பல் அண்ணை.

இதை எழுதலாமா, வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். அவர் வாசித்தால் வருத்தப்படுவாரோ என்று பயம். பிறகு, வருத்தப்படமாட்டார், பிழை திருத்தி அனுப்புவார் என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் எட்டு மாதக் குழந்தை. என் கணவருக்கும் கப்பல் அண்ணைக்கும் பென்ரோஸில் ஓர் அச்சகத்தில் வேலை. அச்சடித்து வருகிறதை எண்ணி, கட்டி, பெட்டியில் போட வேண்டும். அந்த அச்சகத்துக்குப் பெரிய வாடிக்கை பயண நிறுவனங்கள். பளபளவென்று பிரோஷர்கள் மலைமலையாக வரும். என் கணவர் அவற்றைக் கட்டினார். கப்பல் அண்ணை அவற்றை வாசித்தார்.

எல்லாவற்றையும் வாசித்தார் என்றாலும் ஒன்றில் மட்டும் தலைகுப்புற விழுந்துவிட்டார். தெற்குப் பிரான்சில் சோன், ரோன் என்ற இரண்டு ஆறுகளில், வைன் விளைகிற பழைய ஊர்களின் நடுவே எட்டு நாள் சொகுசுக் கப்பல் பயணம். ஷாலோனில் ஏறினால் லியோன், வியென், தூர்னோன் என்று ஊர் ஊராக இறங்கிப் பார்த்து அவிஞோனில் போய் முடியும். அந்தப் பிரோஷரின் இருபத்துநான்கு பக்கமும் அவருக்குத் தேவாரம் மாதிரி மனப்பாடம்.

"இந்தப் படத்தைப் பார் பிள்ளை. கப்பல் மேல்தட்டிலை வைன் கிளாசோடை நிக்கிற மனிசி. நிழலைப் பார், எவ்வளவு நீளம்! காலமை எட்டு மணிக்கு எடுத்த படம். எட்டு மணிக்குக் குடிக்குதுகள்!"

அவர் சொட்டுக்கூடத் தொடாதவர். வைனைப் பற்றிப் பேசும்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணும் சரிவும் தண்ணீர் வடிகிற விதமும்தான். "தூர்னோனுக்கு எதிர்க்கரையிலை மலை முழுக்கப் படிபடியாய் முந்திரிகைத் தோட்டம்" என்பார். எங்களூரில் திராட்சைக்கு அதுதான் பெயர். "கல்லு நிலம். தண்ணி நிக்காது. உரும்பிராயிலை எங்கடை ஆக்கள் பந்தல் போட்டு மினக்கெடுகினம். அவன் சும்மா ஒரு தடியை நட்டுவிட்டு நிக்கிறான்."

காலை வேலைக்கு அவருடைய காரில்தான் என் கணவர் போய்வருவார். கிரேட் சவுத் ரோடு வழியாகப் பென்ரோஸுக்கு இருபது நிமிஷம். அந்தப் பாதைக்கும் அண்ணை ஊர்ப் பெயர்களை மாற்றி வைத்திருந்தார். ஓட்டாஹுஹுதான் லியோன். அச்சகம் அவிஞோன். மாலையில் களைத்து வருகிற கணவரிடம் "ஏன் பிந்தினது?" என்று கேட்டால், "லியோனிலை ட்ராஃபிக்" என்பார். பிறகுதான் தலையில் அடித்துக்கொள்வார்.

கப்பல் என்ற பட்டம் வந்தது ஒரு பிறந்தநாள் விழாவில். நகரின் மறுகோடியில் ஆல்பனியிலிருந்து ஒரு மலேசியத் தமிழ்த் தம்பதி வந்திருந்தார்கள். திருமண நாளுக்கு இதே கப்பல் பயணம் போகப் பணம் கட்டியிருந்தார்களாம். அண்ணையின் காதில் அது விழுந்ததுதான் தாமதம், கதிரையை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். அந்தப் பெண் கைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகம் எடுத்துக் குறிப்பே எழுதத் தொடங்கிவிட்டாள்.

"இடப்பக்கக் கபினாய்ப் பார்த்து எடுங்கோ. வலப்பக்கக் கரையாலை சாமான் ரெயில் ஓடும். நித்திரை கொள்ளேலாது."

"ரொம்ப நன்றி அங்கிள்" என்றார் அந்தப் பெண்ணின் கணவர். "நீங்க எந்த வருஷம் போனீங்க?"

"எங்கை?"

"பிரான்சுக்குத்தான் லா!"

"நான் ஏன் பிரான்சுக்குப் போகவேணும்? நான் பென்ரோஸுக்கெல்லோ போறனான்."

அந்தப் பெண் பேனாவை மூடினாள். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள், பாவம். "அப்ப இது எல்லாம்?"

"எல்லாம் சரி. அங்கை போய் ஒருக்கா ஒத்துப் பாருங்கோ."

மூன்று மாதம் கழித்து அவர்கள் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டார்கள். "அங்கிள், நெசமாவே ராத்திரி பூரா ரயில் ஓடுது!" அண்ணை ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "பின்னை?"

எனக்கு அவர் செய்த உதவி வேறு. என் மகள் சாப்பிடமாட்டாள். ஒரு வாய்க்கு அரை மணி நேரம் ஆகும். எடை பார்க்க வருகிற தாதி என்ன சொல்வாளோ என்று முதல் நாளே பயப்படத் தொடங்கிவிடுவேன். ஒருநாள் வேலை முடிந்து தேநீர் குடிக்க வந்த அண்ணை கரண்டியை வாங்கினார். "கப்பல் வருது, கப்பல் வருது. லொக்குக் கதவு திற!" ஆற்றில் கப்பலை ஏற்றி இறக்குகிற நீர்க்கதவுக்குத்தான் லொக்கு என்று பெயராம். மகள் வாயைத் திறந்தாள். "லியோன் வந்தாச்சு. அடுத்தது வியென்." மறுபடியும் திறந்தாள். அவிஞோன் வரை போய்க் கிண்ணம் காலியாகிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் முதலில் வந்தது. குழந்தைக்கு வைன் ஊர்களைச் சொல்லிச் சோறூட்டினால் பிற்காலத்தில் ஏதாவது ஆகுமோ? தாதியிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, எடைத் தட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்து, "அந்தக் கப்பலை நிறுத்தாதீர்கள்" என்றாள்.

அப்படியிருக்க, புதுப் பருவத்துக்கான பிரோஷர் அச்சாகி வந்தது. அன்று மாலை அண்ணை தேநீரைத் தொடவே இல்லை.

"இந்த முறை பயணத்தைத் தலைகீழாக்கிப் போட்டாங்கள் பிள்ளை. அவிஞோனிலை ஏறி ஷாலோனிலை இறங்குறதாம். சரி, இறங்கட்டும். நேரத்தைப் பார். போன வருஷ நேரத்தை அப்பிடியே விட்டிருக்கிறாங்கள். ஆறு ஓடுறது தெற்கை. கப்பல் போகப்போறது வடக்கை. எதிர்த்து ஏற வேண்டாமே? நாலாம் நாள் ரெண்டு மணிக்குத் தூர்னோனாம், மூண்டு மணிக்கு வைன் நிலவறை பாக்கிறதாம். ஏழு மணிக்கு முதல் போய்ச் சேராது. நிலவறை ஆறு மணிக்குப் பூட்டு. ஆயுள் முழுக்கச் சேர்த்த காசிலை வந்த கிழவன் கிழவியள் பூட்டின கதவைப் பாத்துக்கொண்டு நிக்கப்போகுதுகள்."

"உங்களுக்கு எப்படி அண்ணை இவ்வளவு நிச்சயம்?"

"பத்தொன்பது வருஷம் நீர்ப்பாசனத் திணைக்களத்திலை படவரைஞர். ஆறும் வாய்க்காலும் கீறினது இந்தக் கைதான்."

அன்றுதான் எனக்கு அது தெரிய வந்தது. அதுவரை அவரை ஒரு பெட்டி கட்டுகிறவராகத்தான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான், பயண நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னபோது மறுக்கவில்லை. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்ற பெயர் எனக்கு இருந்தது. ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். எட்டாவதில் அவர் கையெழுத்து வைத்தார். அவருக்குத் தொலைபேசி இல்லாததால் எங்கள் இலக்கத்தைப் போட்டோம். மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய் நானே தபாற்பெட்டியில் போட்டேன்.

போட்ட கை வெளியே வருவதற்குள் எனக்கு மூளை வேலை செய்தது. வேலை நேரத்தில் வாசித்ததற்காக மேற்பார்வையாளர் அண்ணையை ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரித்திருந்தார். "மேட், உன் வேலை பெட்டி கட்டுறது. இன்னொரு தடவை வாசிக்கிறதைக் கண்டால் வீட்டுக்குப் போகலாம்." இப்போது அண்ணை, தான் வாசித்ததை நான்கு பத்தியில் விளக்கி, கையெழுத்தும் வைத்து, அச்சகத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறார். அதைப் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவள் நான்.

தபால்காரர் கடிதங்களை எடுக்க வரும்வரை மழையில் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றேன். அவர் வந்தார். கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"காதல் கடிதமா?" என்றார்.

"இல்லை. ஆற்றைப் பற்றியது."

அவர் என்னையும் தள்ளுவண்டியையும் பரிதாபமாகப் பார்த்தார். போட்ட கடிதத்தை யாருக்கும் கொடுக்கச் சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு, குழந்தை நனையாமல் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். பிட்டு அவர் கையிலேயே நின்றது.

"வாசிக்காதை எண்டு சொன்ன இடத்துக்கு, வாசிச்சுப் போட்டன் எண்டு எழுத்திலை குடுத்திருக்கிறார். எழுதினது நீர்! உமக்கு யோசனை இல்லையே?"

எனக்கா யோசனை இல்லை? யோசனையைத் தவிர வேறென்ன இருந்தது என்னிடம்?

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. பயண நிறுவனத்திலிருந்து ஒரு பெண். மிக இனிமையான குரல். கடிதம் எழுதிய ஐயா எந்த வருஷம் தங்கள் கப்பலில் பயணம் செய்தார் என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு வராது. உண்மை சொல்லப் பயம். மகள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "அவர் பயணம் செய்ததில்லை" என்றேன். "உங்கள் பிரோஷர்களைப் பெட்டியில் போடுகிறவர் அவர்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, "எந்த அச்சகத்தில்?" என்றாள். அதையும் சொன்னேன். போதாக்குறைக்கு எழுத்தெழுத்தாக உச்சரித்தும் காட்டினேன். வைத்த பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என் கணவர் பஸ்ஸில், தனியாக, நனைந்து வந்தார்.

"அண்ணை எங்கை?"

"காலமை பத்து மணிக்கு ஆளை முதலாளியின்ரை மேல்மாடிக் கந்தோருக்குக் கூப்பிட்டவங்கள். நாங்கள் வெளிக்கிடும் வரை ஆள் இறங்கேல்லை. முதலாளி, சுப்பவைசர், ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை, எல்லாரும் உள்ளுக்கு."

வேலை போனவருக்கு என்ன சமைப்பது? தெரியாமல் இடியப்பமும் சொதியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்தேன். மன்னிப்பு கேட்க வேண்டிய வசனங்களைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை ஒத்திகை பார்த்தேன். ஆறு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். அண்ணைதான். கக்கத்தில் ஒரு பெரிய காகிதச் சுருள்.

"எல்லாம் என்னாலைதான் அண்ணை" என்று தொடங்கியதுமே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஓம், உன்னாலைதான்" என்றார் அவர். "முதல்லை தேத்தண்ணியைத் தா."

மேசையில் அவருடைய கடிதத்தைப் பரப்பி வைத்திருந்தார்களாம். எப்படித் தெரியும் என்று கேட்டார்களாம். மேற்பார்வையாளரின் வேலை அட்டவணையைத் திருப்பிப்போட்டு, அதன் முதுகில் ரோன் ஆற்றை லொக்குகளோடு கீறிக் காட்டினாராம். அந்தப் பெண் பிரான்சுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, கப்பல்காரர்களும் அதையே சொல்கிறார்கள் என்றாளாம். கட்டிய பெட்டிகளையெல்லாம் உடைத்துத் திருத்தத் தாள் செருக வேண்டுமாம்.

"ஆர் செருகப்போறது?" என்றார் கணவர், திடுக்கிட்டு.

"நீங்கள்தான். சுப்பவைசரும் சேர்ந்து. எனக்கு மேலை வரைபட மேசை தந்திருக்கிறாங்கள். பிரோஷருக்கெல்லாம் இனி நான்தான் மேப் கீற வேணும். அச்சுக்கு முதல் வாசிச்சும் பாக்க வேணும்." தேநீரை உறிஞ்சினார். "வாசிக்காட்டித்தானாம் இனி வீட்டுக்கு அனுப்புவாங்கள்."

இடம் மிஞ்சினால் ஒரு வருஷம் அந்தக் கப்பலில் அவரையும் அனுப்புவதாக அந்தப் பெண் சொன்னாளாம். ஆற்றோடு கீழே போகிற கப்பல் என்றால் மட்டும் வருவேன் என்றிருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து அப்படியே போனார். அவிஞோனிலிருந்து எனக்கு ஒரு தபாலட்டை வந்தது: "பிள்ளை, பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது."

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர் சிரித்துக்கொண்டே இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய பிறகும் எழும்பவில்லை.

"ஒரு கிழமை லீவு கேட்டிருக்கிறன் பிள்ளை."

"ஏன் அண்ணை?"

வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "பதினொரு வருஷம் பேனை பிடிக்கேல்லை. பென்சிலாலை அவங்களுக்குக் கீறிக் காட்டிப்போட்டன். மையிலை கீற வேணுமே. என்ரை அறையிலை மேசையும் இல்லை."

ஒரு வாரம் அவர் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து கீறினார். முதல் நாள் ரோன் ஆறு குளிரில் நடுங்கிக்கொண்டு ஓடியது. அவர் கிழித்தார். நான் புதுத் தாள் விரித்து மூலையைப் பிடித்துக்கொண்டேன். மகளை முதுகில் கட்டிக்கொண்டு, பாத்திரம் சத்தம் போடாமல், மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் சமைத்தேன். மூன்றாம் நாள் லியோன் வரை கோடு பிசகவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு ஒரே இழுப்பில் கடல் வரை போய்ச் சேர்ந்தது. அவர் பேனாவை மூடிவிட்டு, தாளை என் பக்கம் திருப்பினார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவர் அந்தக் கந்தோர்ப் படியில் ஏறியதைக் கணவர் கீழே நின்று பார்த்திருக்கிறார். மாலை வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னார்: "கை கல்லு மாதிரி இருந்ததப்பா. ஒரு நடுக்கமும் இல்லை."

எப்படி இருக்கும்? அன்று எட்டரைக்கு, பாபடோயிட்டோயில், அவருக்கும் சேர்த்து என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.