சுத்தம் கெடாத லொறி

ஒரு லொறியின் ஆசாரத்தைக் காப்பாற்றுவதற்காக அவசரக் கூட்டம் கூடிய சங்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வட்டுக்கோட்டைக்கு அப்பால் அது ‘சமூக முன்னேற்றச் சங்கம்’ என்ற பெயரில் விளங்கிற்று. அதன் தலைவர் பொன்னம்பலத்தார் இந்தப் பெருமையை நினைக்கும்போதெல்லாம் சால்வையைச் சரிசெய்துகொள்வார்.

சங்கத்தின் பழைய லொறி ஒருநாள் சேற்றில் இறங்கியது. வழியால் போன, பனையில் கள்ளு இறக்கும் சீவல் தொழிலாளர்கள் கேட்காமலே தோள்கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். ‘தொடக்கூடாதவர்கள்’ தொட்ட வாகனத்தை அப்படியே விடலாமா? ‘அகமும் புறமும் சுத்தி செய்வது’ என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. புறத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். லொறிக்கு அகம் எதுவென்று ஒருவருக்கும் தெரியாதபடியால், மூடி கழன்ற துவாரம் எல்லாவற்றிலும் ஊற்றினார்கள். பெற்றோல் தாங்கிக்குள்ளும் ஒரு செம்பு போயிற்று.

அன்றுமுதல் எஞ்சின் இருமத் தொடங்கியது. இழுவை போய்விட்டது.

“ஐயா, பெற்றோலுக்கை தண்ணி நிக்குது. தாங்கியைக் கழட்டி வடிக்க வேணும்” என்றான் சாரதி சூசைதாசன்.

“தீர்த்தத்தைத் தண்ணி எண்டு கதையாதை, சூசை” என்றார் தலைவர்.

காரணம் கண்டறிய உபகுழு ஒன்று நியமிக்கப்பட்டது. லொறி வாங்கிய நாளை வைத்துச் சாதகம் கணித்து, அதற்கு அட்டமத்துச் சனி நடப்பதாக உபகுழு அறிக்கை கொடுத்தது. எல்லோருக்கும் மனம் ஆறிற்று.

ஐப்பசி மழையோடு தலைவரின் ஒரே மகள் குணலட்சுமிக்கு வலி கண்டது. புருசன் மலாயாவில் கிளாக்கர். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள் மருத்துவிச்சி. கைக்குக் கிடைத்தது சங்க லொறிதான். மகளையும் அவளுடைய பெரியதாய் சிவக்கொழுந்தையும் பின்னால் பாயில் ஏற்றி, தலைவர் முன்னால் அமர்ந்தார்.

கல்லுண்டாய் வெளியில், வீதியை மூடிக் கிடந்த சேற்றுமணலில் லொறி நின்றது. பின்சில்லு நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரியிறைத்தது.

“இழுவையும் இல்லை, பின்னுக்குப் பாரமும் இல்லை. இறங்கி ஒரு கை குடுங்கோ ஐயா.”

“தலைவர் லொறி தள்ளுறதோ? என்ன கதை கதைக்கிறாய்?”

இறங்கினார்; குடை விரித்தார்; சேறு படாத இடமாகப் பார்த்து நின்றார்.

அப்போது ஓலை ஏற்றிய வண்டிலோடு சீவல் தொழிலாளர் சிலர் வந்தார்கள். கணவதி என்பவன் முன்னால் வந்தான். “நயினார், நாங்கள் தள்ளிவிடுறம். பிள்ளை வலியிலை துடிக்குது.”

“தொடாதை. தொட்டால் திரும்பவும் கழுவ வேணும்.”

“கழுவினால் திரும்பவும் நிக்கும்” என்று சூசைதாசன் சில்லைப் பார்த்துச் சொன்னான்.

பொன்னம்பலத்தாரின் நெஞ்சு பதறாமல் இல்லை. பெற்ற மகள். ஆனால் விதிவிலக்கு அளிப்பதென்றால் கூட்டம் கூடவேண்டும். கூட்டத்துக்கு ஆள் போதாது. விதியை மீறாத தலைவர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

பின்னாலிருந்து குணலட்சுமி பெரியதாயைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கணவதியின் ஆட்கள் ஓலையைத் தள்ளி வண்டிலில் இடம் செய்தார்கள். அவள் கால் தடுமாறியது. கணவதி கையை நீட்டினான்.

“பிள்ளை, அவன் உன்னைத் தொடப்போறான்” என்றார் தலைவர்.

குணலட்சுமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“தொடட்டும் அப்பு. தொடாமல் நிண்ட ஆளை இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டுதானே கிடந்தனான்.”