கேட்டவர் கையொப்பம்

கோவில்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

கயத்தாறு அத்தான் திரு. கோபாலசாமி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் செண்பகராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், பிரேமா, குழந்தை மாரிசெல்வி மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. மற்ற இருவரும் நலம். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பிரேமா காதில் விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அக்கா முதலில் பார்த்துவிட்டுக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவாள்.

விஷயம் இதுதான். நான் லாரி புக்கிங் ஆபீசிலிருந்தும் பிரேமா தீப்பெட்டி ஆபீசிலிருந்தும் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடுவதால், பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, உங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரி சுகுணாவிடம் சேர்த்துவிட்டது நீங்கள். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். பால் கொடுக்க வேண்டும், முகம் கழுவிவிட வேண்டும், அங்கே வரும் ஐந்து பிள்ளைகளும் அடித்துக்கொண்டால் விலக்கிவிட வேண்டும். பேச்சு இவ்வளவுதான். ஆனால் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு வாசிப்பு நோட்டு கொடுத்திருக்கிறார். தினமும் யாராவது ஒருவர் உட்கார்ந்து, குழந்தை ஒரு பக்கம் சத்தமாக வாசிப்பதைக் கேட்டு, ‘கேட்டவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அத்தான், ஜூன் மாதத்திலிருந்து அந்தக் கட்டம் முழுக்கச் சுகுணா, சுகுணா, சுகுணா. பெற்றவன் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. நான் அரக்கப்பரக்க வந்து, கை கால் கழுவி, பாயை விரித்து உட்கார்ந்தால், “வாசிச்சாச்சுப்பா, சுகுணா அத்தை கேட்டுட்டாவ” என்று சொல்லிவிட்டு டிவி ரிமோட்டை எடுக்கிறாள். வயிறு எரிகிறது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் பாடத்திலும் கை வைக்கலாமா என்று நேரில் கேட்டே விட்டேன். “நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையே அண்ணாச்சி. புள்ள வாசிக்கும், நான் வத்தல் காம்பு கிள்ளுதேன்” என்றாள். வாசலில் நின்று பார்த்தேன், உண்மைதான். முறத்தில் மிளகாய் வற்றலைப் போட்டுக்கொண்டு காம்பு கிள்ளுகிறாள். பிள்ளை தப்பாக வாசித்தால் கிள்ளுவதை நிறுத்துகிறாள். வேறொன்றும் இல்லை. பிள்ளை தானாகத் திரும்பிப் போய்ச் சரியாக வாசிக்கிறது. ஜூனில் எழுத்துக் கூட்டத் தடுமாறிய மாரிசெல்வி இப்போது பஸ் போர்டு, சுவர் விளம்பரம், தீப்பெட்டி லேபிள் ஒன்றையும் விடுவதில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். என்னால் முடியவில்லை.

இதென்ன பெரிய வித்தை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ வற்றல் வாங்கி, நானும் கிள்ளிக்கொண்டே வாசிப்புக் கேட்க உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் கண் அரித்தது. அந்தக் கையாலேயே கசக்கிவிட்டேன். அப்புறம் வாசிப்பாவது ஒன்றாவது. பிரேமா செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்ற, குழந்தை என் தலையைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பக்கத்தை மறுநாள் சுகுணாதான் கேட்டாள். நான் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை குழந்தையை என் ஆபீசுக்கே கூட்டிப் போனேன். தீப்பெட்டி பண்டல் மேல் உட்கார்ந்து அவள் வாசிக்க, லாரி டிரைவர் காசிராஜன் டீயை ஆறவிட்டுக் கேட்டார். “இம்புட்டு அழகா வாசிக்காளே, யார் பழக்குனா?” என்று அவர் கேட்டதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று எழுத என் கை வரவில்லை. போகட்டும், கையெழுத்தாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நோட்டை வாங்கினேன். சரக்கு ரசீது எழுதி இருபது வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது: ‘உருப்படி 1. ஈரமில்லை. சேதமில்லை. பெற்றுக்கொண்டேன்.’ கீழே ஆபீஸ் சீல் வேறு. திங்கட்கிழமை டீச்சர் போன் பண்ணி, என்ன பெற்றுக்கொண்டீர்கள் என்று விசாரித்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்து, மறுபடி வாசிக்கச் சொல்லிவிட்டார். அதையும் கேட்டது யார் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது தலைக்கு மேல் வெள்ளம். வருகிற வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வாசிப்பைத் தினமும் கேட்கிறவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டுமாம். மாரிசெல்வி சுகுணாவைக் கூப்பிட்டுவிட்டாள். சுகுணா பட்டுச்சேலையை இஸ்திரிக்குக் கொடுத்த பிறகுதான் எனக்கே தெரியும். எட்டு வருஷம் தோளில் சுமந்தவன் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்ட வேண்டுமா? ஆகவே ஒரு உபகாரம். வெள்ளிக்கிழமை ஏதாவது விசேஷம் என்று சொல்லிச் சுகுணாவைக் கயத்தாறுக்கு வரவழைத்து, சாப்பாடு போட்டு, பொழுது சாய்ந்த பிறகு அனுப்பி வையுங்கள். விசேஷம் எதுவும் இல்லையென்றால் ஹரிஹரசுதனுக்கு இன்னொரு தடவை காது குத்துங்கள். மருமகன் காலேஜ் போகிற பையன்தான், மாமனுக்காகப் பொறுத்துக்கொள்வான்.

அக்காவின் முழங்கால் வலி தீரட்டும். உங்கள் உளுந்துக்கு ஒரு நல்ல மழையும் எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கட்டும். மருமகனுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
பெற்றவன் என்ற பெயரை மட்டும் வைத்திருக்கும்
செண்பகராஜ்.

பின்குறிப்பு: உறைக்குள் போடுவதற்குள் மாரிசெல்வி இதை எடுத்துவிட்டாள். பிடுங்கப் போனேன். அதற்குள் ‘கயத்தாறு அத்தான்’ என்று சத்தமாக ஆரம்பித்துவிட்டாள். பிடுங்க மனசு வரவில்லை. என் கிறுக்கல் எழுத்தில் மூன்று பக்கத்தையும், ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல், என் எதிரே உட்கார்ந்து வாசித்தாள். நான் கேட்டேன் அத்தான். என்ன வாசிக்கிறாள் என்பதே மறந்துபோய்க் கண் கலங்கிவிட்டேன். முடித்துவிட்டு, “நீங்களும் வாங்கப்பா. அத்தை ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் நில்லுங்க” என்றாள். ஆகவே சுகுணாவைக் கூப்பிட வேண்டாம், ஹரிஹரசுதன் காதுக்கும் ஆபத்தில்லை. பிறகு வாசிப்பு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். வந்த சந்தோஷத்தில் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போதுதான் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கிறேன். ‘வாசித்தது’ என்ற இடத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருக்கிறாள்: ‘சுகுணா அத்தையை வர விடாமல் செய்ய அப்பா எழுதிய கடிதம், மூன்று பக்கம்.’ நோட்டு நாளைக் காலையில் டீச்சரிடம் போகும், சாயங்காலம் சுகுணாவிடம் போகும்.