சிவபாக்கியமக்காவின் மாட்டுக்கு நான் போட்ட ஊசி

ஒரு மாட்டுக்குப் போடவேண்டிய சினை ஊசியை வேறொரு மாட்டுக்குப் போட்டவள் நான். அதுவும் தனியாக வேலைக்குப் போன முதல் கிழமையிலேயே.

பிறந்தது தாழ்வுபாடு என்ற கடற்கரைக் கிராமத்தில், மீன்பிடிக் குடும்பத்தில். கால்நடைக் கந்தோரில் வேலை கிடைக்கும்வரை மாட்டைத் தொட்டதே இல்லை (பயிற்சியில் தொட்டேன், அது உதைத்தது). அன்று உயிலங்குளத்தில் ஒருவருடைய கலப்பினப் பசுவுக்கு ஊசி போட அனுப்பினார்கள். வேலியோரம் நிற்கும் வெள்ளை மாடு என்றார்கள். வேலியோரம் ஒரு வெள்ளை மாடு கத்திக்கொண்டு நின்றது. வேலிக்கு எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

கையுறையைக் கழற்றும்போது பக்கத்து வளவுச் சிவபாக்கியமக்கா வாளியோடு வந்து நின்றார்.

"பிள்ளை, என்ர மாட்டுக்கு என்ன செய்யிறீங்கள்?"

வெட்கத்தை மறைக்கப் பாடம் எடுத்தேன். இது பெரிய இனக் காளையின் விந்து, அந்தக் காளையின் தாயும் மகள்களும் நிறையக் கறந்தவை, கன்றுக்குப் பால் வளம் பாதி தகப்பனிடமிருந்துதான் வரும் என்றேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது சரி. இந்தச் சின்ன உடம்பு அந்தப் பெரிய கன்றைத் தாங்குமே?"

அவரிடம் இருந்தது அந்த ஒரேயொரு நாட்டு மாடு. கந்தோரில் சொன்னால் என் வேலை போய்விடும். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். கன்று போடேக்க நீங்கள் பக்கத்தில நிக்கோணும்."

ஒன்பது மாதமும் கிழமைக்கு ஒருமுறை போனேன். மாடு பெருத்தது, நான் மெலிந்தேன். மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன் (யாருக்காக என்று அம்மா கேட்டபோது, தெரிந்த ஒருவருக்கு என்றேன்).

பயந்தபடியே கன்று சிக்கியது. அக்கா கூப்பிட்ட மிருக வைத்தியரும் நானும் சேர்ந்து இழுத்ததில், கன்று என் மடியிலும் நான் சாணிக்குள்ளும் விழுந்தோம். தாய்மாடு எழுந்து கன்றையும் என்னையும் நக்கியது. பசுக்கன்று. அக்கா என்னைக் கிணற்றடியில் இருத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் அழுதேன்.

தாய் கறந்தது இரண்டு போத்தல். மகள் வளர்ந்து கன்று போட்டதும் வாளி நிறையக் கறந்தாள். அதன்பிறகுதான் அக்கா வாயைத் திறந்து ஊசிக் கதையைச் சொன்னார், அதுவும் என் கல்யாண வீட்டில். நான் இன்றும் இந்த வேலையில் இருப்பது அவர் அதுவரை பொறுத்திருந்ததால்தான்.

இப்போது என் மகள் கணக்கில் நல்ல புள்ளி எடுத்தால், "அது தகப்பன் பக்கம்" என்பார் அம்மா. நன்றாகப் பாடினாலும் தகப்பன் பக்கம்தான். போன மாதம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வேறொரு பிள்ளையின் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று ஒருவரும் தகப்பன் பக்கம் என்று சொல்லவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.