பூசணி மலையேறிய வாரம்

"இனிமே ஹோபாக்கோட உடம்பு என் பொறுப்பு!" என்று பாங் தல்சூ அறிவித்தபோது, அவர் மனைவி போக்ஹீ முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் இந்த மாதிரி அறிவிப்புகளை அவள் நிறையப் பார்த்துவிட்டாள். சிகரெட்டை விட்டுவிட்ட அறிவிப்பு மட்டுமே பதினோரு தடவை.

ஹோபாக் என்றால் பூசணி. பெயர் வைத்த அன்று அது சுண்டைக்காய் அளவில் இருந்த வெள்ளைக் குட்டி. அப்புறம் பெயருக்கு மரியாதை செய்ய ஆரம்பித்தது. அறிவிப்பு வந்த நாள் காலையில், நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவின் தராசில் பதினாலு கிலோ இருநூறு கிராம் காட்டியது. இருக்க வேண்டியது பத்து. பின்னங்கால் முட்டி இரண்டும் தேய ஆரம்பித்திருந்தன.

"எடையைக் குறைங்க. இல்லேன்னா முட்டியில கத்தி வைக்கணும். இவ்வளவு கொழுப்போட இதுக்கு மயக்க மருந்து குடுக்க எனக்கே பயமா இருக்கு" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

தல்சூ அதைக் கேட்டு நிஜமாகவே கலங்கிப் போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் பேச்சை முழுசாகக் கேட்கிற ஒரே ஜீவன் ஹோபாக்தான். அதுவும் வாலாட்டிக்கொண்டே கேட்கும். வீட்டில் வேறு யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை.

"ஒரே மாசம். மான் மாதிரி ஆக்கிக் காட்டறேன்."

"யாரை?"

"நாயைத்தான்!"

"அதானே. ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

தல்சூ பூசான் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். முப்பது வருஷமும் உட்கார்ந்தேதான் வேலை. நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் அதைக் கடின உழைப்பு என்று நம்பி வந்தார்.

மறுநாள் போக்ஹீ ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து நாயின் கழுத்துப் பட்டையில் மாட்டினாள்.

"என்ன இது?"

"ஹோபாக் எத்தனை அடி நடக்குதுன்னு இது எண்ணும். எண்ணினது என் போன்ல வந்து விழும். தினம் எட்டாயிரம் அடி."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்குங்க. உங்க கால் மேலதான் இல்ல."

அவள் கிம்ச்சி ஊறுகாயும் கூட்டுக்கறியும் விற்கிற கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலை பார்ப்பவள். அவள் தலை மறைந்ததும் தல்சூ நாயோடு கிளம்பினார். அவர்கள் தெருவிலிருந்து மலையடிக்கு இருநூற்றுப் பதினாலு படி. பத்தொன்பதாவது படியில் ஹோபாக் உட்கார்ந்தது. மரியாதைக்காக அவரும் உட்கார்ந்தார். பதினாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கி வந்ததை மொத்தத் தெருவும் பார்த்தது. கருவி காட்டியது நானூற்று அறுபது.

"நானூற்று அறுபதா? அது சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாலே அவ்வளவு வருமே?" என்றாள் போக்ஹீ.

"முதல் நாள் எந்திரம் சூடேறலை."

"எந்த எந்திரம்?"

அவர் ஹோபாக்குக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

இரண்டாம் நாள் படிக்கட்டில் பக்கத்து வீட்டுக் கில்யோங் எதிர்ப்பட்டான். கையிலிருந்த கயிற்றில் அவனுடைய நாய் பொன்கே. பெயருக்கு மின்னல் என்று அர்த்தம், இந்த நாய் பெயரைக் காப்பாற்றியிருந்தது. தினம் காலையில் அவனும் அதுவும் பொங்நே மலை உச்சி வரைக்கும் ஓடிவிட்டு வருவார்கள்.

"தம்பி, ஒரு சின்ன உதவி. இதை உன் பொன்கே கழுத்துல மாட்டிக்கறயா? திரும்பி வரும்போது கழட்டிக் குடுத்தா போதும்."

"என்னண்ணே இது?"

"குடும்பத்தில் அமைதி நிலவறதுக்கான கருவி."

கில்யோங்குக்கும் கல்யாணமாகியிருந்தது. உடனே வாங்கி மாட்டினான்.

அன்று சாயங்காலம் போக்ஹீ போனைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். "பதினெட்டாயிரத்து முந்நூறா!"

"நாங்க மனசு வச்சா அப்படித்தான்" என்றார் தல்சூ.

"ஐயோ, என் கண்ணு!" அவள் ஓடி வந்து காலைப் பிடித்தாள். ஹோபாக்கின் காலை. வெந்நீரில் துணி நனைத்து நாலு பாதத்தையும் துடைத்து, விரலிடுக்கில் முள் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் தடவிவிட்டாள்.

"நானும்தான் நடந்தேன்."

"உங்களுக்கு ரெண்டு கால்தானே? சீக்கிரம் சரியாயிடும்."

நாலு நாள் இப்படியே போனது. பொன்கே மலையில் ஓட, ஹோபாக்கும் தல்சூவும் படிக்கட்டுக்குக் கீழே இருந்த மண்டபத்தில் சதுரங்கம் பார்த்தார்கள். அவ்வப்போது பக்கத்து வண்டிக்கடையில், குச்சியில் குத்திச் சாறில் வேகவைத்த மீன் கேக். அவருக்கு ஒரு குச்சி, பூசணிக்கு அரைக் குச்சி. நடக்காதவனுக்கும் பசிக்கும் இல்லையா?

ஐந்தாம் நாள் சாயங்காலம் போக்ஹீ குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசனையில் நின்றாள்.

"ஏங்க, தினம் இருபதாயிரம் அடி நடக்குது. இடுப்பு இம்மிகூடக் குறையலையே?"

"உள்ளே குறைஞ்சிருக்கும்."

"இல்ல, வீட்டுல எதையோ திருடித் திங்குது. நான் இல்லாத நேரத்துல உங்க கணவாய்க் கருவாட்டை எடுக்குது போல."

"சேச்சே! ஹோபாக் அப்படிப்பட்ட நாயில்ல."

"அப்போ யார் திங்கறா? நீங்களா?"

தல்சூ வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்ளும் வழிதான் தெரிந்தது. எழுந்து குளிர்பெட்டிக் கதவை மூடினார்.

அரை மணியில் வீடு சுத்தமானது. கணவாய்க் கருவாடு, வேர்க்கடலை, பன்றி இறைச்சி, அரிசிக் கள்ளு இரண்டு குப்பி, எல்லாம் பைகளில் ஏறி அவள் வேலை பார்க்கிற கடைக்குப் போயின.

"கள்ளை நாய் குடிக்காதே!"

"இருபதாயிரம் அடி நடந்த களைப்புல குடிச்சாலும் குடிக்கும்ங்க."

மேசையில் வேகவைத்த முட்டைக்கோஸ் வந்தது. அடுத்த வேளை வேகவைத்த முட்டைக்கோஸும் வெள்ளரிக்காயும் வந்தன. "நாம ருசியா சாப்பிட்டா அது பார்த்து ஏங்கும்ங்க. நீங்கதான் அதும் மேல உயிரையே வச்சிருக்கீங்களே" என்றாள். வீட்டில் பட்டினி கிடந்தவர் மறுநாள் மண்டபத்தில் மூன்று குச்சி வாங்கினார். அதில் பாதி எதற்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

எட்டாம் நாள் டாக்டரம்மாவிடம் போனார்கள். தராசு பதினாலு கிலோ அறுநூறு.

"கூடியிருக்கே!" என்றாள் டாக்டரம்மா.

போக்ஹீ கைக்குட்டையை எடுத்தாள். "இவ்வளவு நடந்தும் கூடுதுன்னா உள்ளே ஏதோ பெரிய வியாதிதான் டாக்டர். தள்ளிப் போட வேண்டாம். இன்னைக்கே ஊசியைப் போட்டுடுங்க."

டாக்டரம்மா உடனே ஊசியில் மருந்தை ஏற்றினாள். தல்சூ நாய்க்கும் ஊசிக்கும் நடுவே கையை வைத்தார். என்ன ஊசி? டாக்டரம்மாவே பயந்த அந்த மயக்க மருந்தா? ஒன்றும் அறியாத பூசணி அவர் கையை நக்கியது. அதில் இன்னும் மீன் கேக் வாசனை இருந்திருக்க வேண்டும்.

"நிறுத்துங்க! நடக்கல!" என்று கத்தினார்.

"என்ன நடக்கல?"

"நாய் நடக்கல!"

"அப்போ இத்தனை நாளா நடந்தது?"

"நடந்தது வேற நாய்! நடக்காததைத்தான் நடந்ததுன்னு சொன்னேன்! இதுக்கு வியாதி ஒண்ணுமில்ல, மீன் கேக்தான்! குத்தணும்னா என்னைக் குத்துங்க!"

போக்ஹீ கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அது சொட்டு ஈரமில்லாமல் இருந்தது.

"சார், இது வருஷா வருஷம் போடற வெறிநோய்த் தடுப்பூசி. உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா ஹோபாக்குக்குக் குத்தினாள். "ஆனா மீன் கேக்? அதுல உப்பு, சாறுல வெங்காயம். நாய்க்கு அது விஷம் சார்."

தல்சூ மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

அவள் போனை நீட்டினாள். திரையில் மலைமேல் ஒரு சிவப்புக் கோடு மின்னல் மாதிரி ஏறி இறங்கியிருந்தது. "அடி மட்டும் எண்ணற கருவின்னா நினைச்சீங்க? போன இடமும் காட்டும். ரெண்டாம் நாளே பார்த்தேன். நம்ம பூசணி பதினெட்டு நிமிஷத்துல மலை உச்சிக்குப் போயிருக்கு. பத்தொன்பதாவது படியைத் தாண்டாத நாய்! எனக்கு மயக்கம் வராத குறை."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? கருவி கெட்டுப்போச்சும்பீங்க. அதான் டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டுக்கிட்டேன். ஒரு வாரம் பொறுக்கலாம்னாங்க. நீங்களே வாயைத் திறக்கணும்னு காத்திருந்தேன்."

"கருவாடு?"

"கடையில எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

அதன் பிறகு தல்சூ நிஜமாகவே நடந்தார். வெயில் ஏறித் தெரு சுடுவதற்கு முன்னால் கிளம்பினார். ஹோபாக் பத்தொன்பதாவது படியில் உட்கார்ந்தால் கொஞ்சம் இளைப்பாற விட்டு, தண்ணீர் காட்டி, இருபதாவது படிக்குக் கெஞ்சினார். ஒரு வாரத்தில் முப்பது படி. ஒரு மாதத்தில் நூறு. உணவைக் கிண்ணத்தால் அளந்து போட்டார். புல்லில் புரண்டுவிட்டு வந்தால் காதுக்குப் பின்னால் உண்ணி தேடினார். மண்டபத்து ஆட்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் போனார். திரும்பிப் பார்த்த நாட்களும் உண்டு. அவற்றைக் கருவி காட்டிக்கொடுத்தது.

மூன்று மாதம் கழித்துத் தராசு பத்து கிலோ நானூறு காட்டியது. டாக்டரம்மா முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "கத்திக்கு வேலையில்ல. எப்படி சார் சாதிச்சீங்க?"

தல்சூ மார்பை நிமிர்த்தினார். கண் ஓரம் கொஞ்சம் ஈரம்கூட. "உழைப்பு டாக்டர்" என்றார். மனைவி பக்கம் திரும்பி, "சொன்னேன் பார்த்தியா? மானா ஆயிடுச்சு. நாளையிலேர்ந்து எனக்கு ஓய்வு" என்றார்.

"நல்லா எடுங்க" என்றாள் போக்ஹீ. அவள் குரல் தேனாக இருந்தது. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

வெளியே வாசலில் அவள் கடை முதலாளியம்மாவும், கடைக்கு வழக்கமாக வருகிற இன்னொருத்தியும் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு பீப்பாயும் ஒரு தலையணையும். நாய்கள் என்பது அவை குரைத்த பிறகுதான் தெரிந்தது.

"இவர்தானா அவர்?" என்றாள் முதலாளியம்மா மரியாதையோடு.

"இவரேதான்" என்றாள் போக்ஹீ.

"அடியே, நான் ஏமாத்தினவன்னு இவங்களுக்குத் தெரியுமா?" என்று தல்சூ அவள் காதைக் கடித்தார்.

"அதைச் சொல்லித்தான் உங்களைச் சிபாரிசு பண்ணினேன். ஏமாத்தத் தெரிஞ்சவருக்குத்தான் எந்த நாய் ஏமாத்துதுன்னு தெரியும்னேன்."

அவர் மறுப்பதற்குள் இரண்டு கயிறும் கைக்கு வந்துவிட்டன. பீப்பாய் அவர் செருப்பின் மேல் உட்கார்ந்தது. தலையணை தரையில் படுத்தே விட்டது. வீடு வரைக்கும் ஒரே ஏற்றம்.

"சரி, ஹோபாக்கையும் குடு" என்றார் பெருமூச்சோடு.

போக்ஹீ ஹோபாக்கைத் தூக்கித் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"இது என்கூட பஸ்ல வரட்டும்ங்க. இப்பத்தான் பைக்குள்ள அடங்குது."